இதய அறுவைக்குப் பிந்தைய குழாய்த்தளர்ச்சி அதிர்ச்சி

இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு அறுவை செய்துகொண்டவர்களில் சிலருக்கு, பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள், இரத்தக் குழாய்கள் இறுக்கம் இழந்து விரிந்துவிடும் நிலை. மருத்துவர்கள் இதை வாசோபிளீஜியா என்பர். இதயம் போதிய இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்தும் சராசரி இரத்த அழுத்தம் 65 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே சரியும்.

இயந்திரத்தின் செயற்கைக் குழாய்களைத் தொடும் இரத்தம் அழற்சியைத் தூண்டுகிறது. குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு மிகுகிறது, அவற்றை இறுக்கும் வாசோபிரெசின் குறைகிறது. இரத்தக் கசிவு, இதயத்தைச் சுற்றித் தேங்கும் இரத்தம், இதயத் தளர்ச்சி, கிருமித்தொற்று ஆகியவையும் அழுத்தத்தை இப்படியே வீழ்த்தும். எக்கோ பார்த்து, காரணத்தைப் பிரித்தறிவதில்தான் உயிர் தங்கியிருக்கிறது.

முதல் மருந்து நார்எபிநெஃப்ரின், போதாதபோது வாசோபிரெசின். இரண்டுக்கும் அடங்காவிட்டால் மெத்திலீன் நீலம், உடல் எடையில் கிலோவுக்கு 1.5 முதல் 2 மி.கி. வரை. சிறுநீர் நீலப்பச்சையாகும், விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி சற்று நேரம் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளோருக்கும், செரோட்டோனினைக் கூட்டும் மனச்சோர்வு மாத்திரை எடுப்போருக்கும் இம்மருந்து ஆபத்தானது. எவ்வளவு அவசரமானாலும் இவ்விரண்டையும் விசாரிக்காமல் விடலாகாது.

அழற்சியை முன்கூட்டியே தடுக்க அனைவருக்கும் ஸ்டீராய்டு தரும் வழக்கத்தை, 7,500 பேருக்கு மேல் பங்கேற்று 2015இல் வெளியான ஆய்வு ஆதரிக்கவில்லை, இறப்பு குறையவில்லை.