நெஞ்சுப் படபடப்புக்கு மன்னார் முத்து

சீன வைத்தியம் என்றால் இலங்கையில் பலருக்கும் ஊசிதான் நினைவுக்கு வரும். களுபோவில ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்ரன் ஜயசூரிய அக்குபங்சர் செய்தும் படிப்பித்தும் பெயர் பெற்றார். மன அழுத்தம், தூக்கமின்மை, உடம்பு வலி என்று அந்த வைத்தியத்தைத் தேடிப் போவோர் இன்றும் உண்டு. "அது இப்ப வந்த வைத்தியந்தானே" என்பார்கள் எங்கட ஆக்கள். ஊசி பிந்தி வந்ததுதான். ஆனால் சீன வைத்தியம் நாடிய ஒரு சரக்கு எங்கட மன்னார்க் கடலில் நெடுங்காலமாக விளைந்தது. அது முத்து.

சீன மருந்து முறையில் முத்து மனதை அடக்கும் சரக்கு. லீ ஷிசென் 1578இல் எழுதி முடித்த பெரிய மருந்து நூலிலும் அது இடம்பெறுகிறது. நைசாக அரைத்துப் பதற்றத்துக்கும் திடுக்கிடலுக்கும் கொடுப்பார்கள். யூனானியிலும் இதே எண்ணந்தான். இப்னு சீனா இதய மருந்துகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். முத்து அதில் உண்டு. ஹக்கீம்கள் நெஞ்சுப் படபடப்புக்குக் கொடுக்கும் லேகியத்தின் பெயர் 'கமீரா முர்வாரீத்'. முர்வாரீத் என்றால் பாரசீகத்தில் முத்து.

இந்த இரு உலகங்களும் எங்கட கரையை அறிந்திருந்தன. 1344இல் வந்த இப்னு பதூதா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் முன்னால் முத்துகளைக் கண்டார். அடுத்த நூற்றாண்டில், செங் ஹோவின் கப்பல்களில் மொழிபெயர்ப்பாளராகச் சென்ற மா ஹுவானும் ஒரு முஸ்லிம். இங்கே சிப்பியை அழுகவிட்டு அலசி முத்தெடுப்பதை அவர் எழுதிவைத்தார். செங் ஹோவின் 1409ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் இருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

சிலாபத்துறை, மரிச்சுக்கட்டிப் பக்கத்தில் முத்தை ஆணி முதல் தூள் வரை தரம் பிரித்தார்கள். பெரியது நகைக்குப் போகும். கோக்க முடியாத பொடிமுத்து மருந்துக் கல்வத்துக்கு ஏற்றது. இன்றைய வேதியியலுக்கு அது பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. சிப்பி ஓடும் அதுவேதான்.

சரி, மூழ்கினவனின் படபடப்புக்கு என்ன மருந்து? கீழக்கரை முஸ்லிம்களும் பரதவரும் கல்லின் பாரத்தில் அடிக்கடலுக்கு இறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கினார்கள். காது அடைக்கும், சுறாப் பயம் வேறு. அவர்களுக்கு முத்துத் தூள் கிடைக்கவில்லை. கிடைத்தது 'கடல்கட்டி', அதாவது சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். அவர் இல்லாமல் குளிக்க இறங்கமாட்டோம் என்றார்கள். அதனால் ஆங்கிலேய அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது. சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, பயம் கட்டுப்பட்டது. அதுவும் ஒரு வைத்தியந்தான்.

மன்னர்களையும் பயணிகளையும் நாம் எழுதிவிட்டோம். மூழ்கியவர்களின் கதை வாய்ப்பேச்சில்தான் இருந்தது. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வீடுகளோடு அந்தப் பேச்சும் சிதறியது. புத்தளத்திலும் கற்பிட்டியிலும், ஊர் திரும்பிய குடும்பங்களிலும் முதியவர்கள் இருக்கிறார்கள். கடலில் என்ன ஓதினார்கள், காதுவலிக்கு என்ன ஊற்றினார்கள், பயத்தை எப்படித் தாங்கினார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். எங்கட வைத்திய வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கம் அதுதான்.