கேபிளிலிருந்து பெயருக்கு: போர்ட் குரூப்பின் வரலாறு

ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசருக்குள் ஒரு மெய்நிகர் கணினி எந்த வலையமைப்பில் சேர வேண்டும் என்பதைச் சொல்லும் பெயரே போர்ட் குரூப். முன்பு அதைச் சொன்னது கேபிள். சர்வரின் முதுகிலிருந்து ஸ்விட்ச்சுக்கு ஓடிய கேபிள் எந்தப் போர்ட்டில் செருகப்பட்டது என்பதைப் பார்த்தாலே போதும். ஒரே சர்வரில் பத்து மெய்நிகர் கணினிகள் ஓடத் தொடங்கியதும் அந்த அடையாளம் பயனற்றுப் போனது.

விஎம்வேர் நிறுவனம் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் 1998இல் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு வெளியான அதன் வொர்க்ஸ்டேஷன் மென்பொருள், மேசைக் கணினியில் இயங்கியது. உள்ளே ஓடிய கணினிக்கு ஏஎம்டியின் பழைய பிசிநெட் ஈதர்நெட் கார்டு இருப்பதுபோல் அது காட்டியது. அப்போதைய இயங்குதளங்கள் பலவற்றிலும் அந்தக் கார்டுக்கான டிரைவர் ஏற்கெனவே இருந்தது. புதிதாக எதையும் நிறுவாமலே வலையமைப்பு கிடைத்தது. விலையாக வேகம் குறைந்தது. பின்னாளில் வந்த விஎம்எக்ஸ்நெட் கார்டுகள் எந்த உண்மையான வன்பொருளையும் பின்பற்றாமல், ஹைப்பர்வைசருக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. 2009இல் வந்த விஎம்எக்ஸ்நெட்3 இன்றும் புழக்கத்தில் உள்ளது.

2001இல் வந்த விஎம்வேரின் இஎஸ்எக்ஸ் சர்வர் மென்பொருள் நேரடியாக வன்பொருளின்மேல் இயங்கியது. மெய்நிகர் ஸ்விட்ச் (விஸ்விட்ச்) முக்கியத்துவம் பெற்றது இந்த வரிசையில்தான். சாதாரண ஸ்விட்ச், வரும் பாக்கெட்டுகளைக் கவனித்து எந்த மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கற்றுக்கொள்ளும். விஸ்விட்ச்சுக்கு அந்தத் தேவை இல்லை. தன்னோடு இணைந்த கார்டுகளின் முகவரிகளை ஹைப்பர்வைசர் முன்பே அறியும். அப்லிங்க் எனும் வெளி இணைப்பு ஒன்றின் வழியாக வந்த பாக்கெட்டை இன்னொரு அப்லிங்க் வழியாக விஸ்விட்ச் வெளியே விடுவதும் இல்லை. அதனால் சுழல் உருவாகாது, சுழலைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயும் வேண்டியதில்லை. குறைவாகச் செய்தே பெரிய சிக்கலைத் தவிர்த்த அழகான வடிவமைப்பு இது. பெயரிட்டதில் மட்டும் ஒரு குழப்பம் நிலைத்துவிட்டது: விஎம்நிக்0 என்பது மெய்நிகர் கார்டு அல்ல, சர்வரில் செருகியிருக்கும் உண்மையான கார்டு.

விஸ்விட்ச்சின் போர்ட்டுகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒரே கேபிளில் வலையமைப்புகளைப் பிரித்துக்காட்டும் விலேன் எண்ணும் பாதுகாப்பு விதிகளும் தந்து பெயரிட்டதே போர்ட் குரூப். 1998இல் வெளியான 802.1க்யூ தரத்தின்படி விலேன் எண் 1 முதல் 4094 வரை இருக்கலாம். போர்ட் குரூப்புக்கு 4095 என்று கொடுத்தால், விஸ்விட்ச் விலேன் குறியை அகற்றாமல் உள்ளே ஓடும் கணினியிடமே விட்டுவிடும்.

அந்தப் பெயரின் மதிப்பைக் கூட்டியது 2003இல் வந்த விமோஷன். ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் கணினி ஒரு ஹோஸ்ட்டிலிருந்து (ஹைப்பர்வைசர் ஓடும் சர்வர்) இன்னொன்றுக்குப் போகும்போது, அதே பெயருள்ள போர்ட் குரூப் அங்கேயும் இருக்க வேண்டும். ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்து பெரியதற்குப் பதில் சிறியதாக இருந்தாலும் அது வேறு போர்ட் குரூப். இருபது ஹோஸ்ட்டுகளில் ஒன்றில் மட்டும் இப்படித் தட்டச்சுப் பிழை இருந்தால், அங்கே போக வேண்டிய கணினி நகராது. சரியாகப் போய்ச் சேர்ந்தால், புதிய ஹோஸ்ட் ஒரு ஆர்ஏஆர்பி பாக்கெட்டை அனுப்பி, முகவரி இடம் மாறியதை வெளியே உள்ள ஸ்விட்ச்சுகளுக்கு அறிவிக்கும்.

இதற்குள் ஒரு மனக்கசப்பும் வளர்ந்திருந்தது. விலேன்களைக் கட்டிக்காத்த நெட்வொர்க் பிரிவினரின் கண்ணுக்குப் படாமல், சர்வர் பிரிவினர் ஸ்விட்ச்சுகளை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். 2009இல் விஎம்வேரின் விஸ்பியர் 4 தந்த டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச், பல ஹோஸ்ட்டுகளுக்கும் பொதுவான போர்ட் குரூப்பை ஒரே இடத்தில் உருவாக்க வழிசெய்தது. அதோடு வந்த சிஸ்கோவின் நெக்சஸ் 1000வி, நெட்வொர்க் பிரிவினருக்குப் பழகிய கட்டளை வரியையே ஹைப்பர்வைசருக்குள் கொண்டுவந்தது. அவர்கள் எழுதும் போர்ட் புரொஃபைல், மறுபக்கத்தில் போர்ட் குரூப்பாகத் தெரியும். நியாயமான சமரசம்தான், ஆனால் நிலைக்கவில்லை. பிற நிறுவன ஸ்விட்ச்சுகளுக்கான இடம் விஸ்பியர் 6.5 வரிசையோடு முடிந்தது.

2011இல் வந்த விஸ்பியரின் 5ஆம் பதிப்பில், ஹோஸ்ட்டை நிர்வகிக்கப் பயன்பட்ட சர்வீஸ் கன்சோல் இல்லை. அதற்கென இருந்த விஸ்விஃப் கார்டும் மறைந்தது. விமோஷன், ஐஸ்கஸி போல மேலாண்மையும் ஹைப்பர்வைசரின் சொந்தக் கார்டான விஎம்கேர்னல் கார்டுக்கு வந்தது; பொதுவாக மேலாண்மை முகவரி விஎம்கே0 கார்டில் இருக்கும். அந்தக் கார்டு அமர்ந்த போர்ட் குரூப்பின் விலேன் எண்ணைத் தவறாக மாற்றுவது, நுனிமரத்தில் இருந்துகொண்டு அடிமரத்தை வெட்டுவதுதான். ஹோஸ்ட்டோடு தொடர்பே அறுந்துவிடும். 2012இல் வந்த 5.1 பதிப்பு இதற்கு வழி கண்டது. டிஸ்ட்ரிபியூட்டட் ஸ்விட்ச்சில் செய்த மாற்றத்தால், ஹோஸ்ட்டுகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டருடன் தொடர்பு துண்டிக்கப்பட்டால், ஹோஸ்ட் தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பும். அதுவும் பலிக்காதபோது, சர்வரின் சொந்தத் திரையிலிருந்தே அமைப்பை மீட்டெடுக்க வேண்டும்.