180-ல் ஒன்று: கருவில் இருக்கும் பிள்ளையைச் சோதிக்க ஆரம்பித்த கதை

எங்கள் ஊர் விருத்தாசலம். விருத்தகிரீஸ்வரர் கோயில், ரயில்வே ஜங்ஷன், அப்புறம் பீங்கான். தொழிற்பேட்டைப் பக்கம் போனால் அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர் என்று சின்னச் சின்ன பட்டறைகளாக இருக்கும். என் அப்பா அப்படி ஒரு பட்டறையில்தான் வேலை பார்க்கிறார். சூளையிலிருந்து எடுத்து ஆறிய சாமானை விரலால் சுண்டிப் பார்ப்பார். "ணங்" என்று கேட்டால் சரி. "டொக்" என்றால் உள்ளே எங்கேயோ விரிசல். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், வயிற்றுப் பிள்ளையைப் பார்க்கும் ஸ்கேன் பிறந்த கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

போன வருஷம் என் அக்காவுக்கு 17-வது வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். முடிவைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள், விளக்கம் எதுவும் கிடையாது. வீட்டில் வந்து பிரித்தால் சிவப்பு எழுத்தில் "ஹை ரிஸ்க்", பக்கத்தில் 1:180. அக்காவுக்கு வயது 27. அம்மா "யார் கண்ணு பட்டுதோ" என்றார். ஆயா சுற்றிப் போட உப்பும் மிளகாயும் எடுத்தார். நான் லேப்டாப்பைத் திறந்தேன். அடுத்த மூன்று வாரம் நான் படித்ததுதான் இந்தக் கட்டுரை. நான் டாக்டர் இல்லை நண்பர்களே, மூன்றாம் வருஷ மாணவன். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

சரி, கதைக்கு வருவோம். 1950-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் இயான் டொனால்டு என்று ஒரு மகப்பேறு மருத்துவர் இருந்தார். அங்கே இரும்புத் தொழிற்சாலைகளில் உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று கேளா ஒலியை அனுப்பிப் பார்க்கும் கருவி உண்டு. அந்த ஒலி மனித உடம்புக்குள்ளும் எதிரொலிக்குமா என்று இவருக்கு ஒரு யோசனை. 1955 ஜூலையில், அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு, கொதிகலன் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கே போய்விட்டார்! ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அங்கிருந்தவர்கள் ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டைக் கொடுத்தார்களாம். பிறகு டாம் பிரவுன் என்ற இன்ஜினியரும் ஜான் மக்விகர் என்ற மருத்துவரும் சேர்ந்துகொண்டார்கள். 1958-ல் மூவரும் 'லான்செட்' இதழில் கட்டுரை எழுதினார்கள். இன்று உலகம் முழுக்க கர்ப்பிணிகள் பார்க்கும் ஸ்கேனின் தொடக்கம் அது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். வயிற்றின் மேல் வைத்துத் தேய்க்கிறார்களே, அந்த ஸ்கேன் முனைக்குள் ஒலியை உண்டாக்குவதும் பெரும்பாலும் ஒருவகை பீங்கான்தான். ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் கலந்து சுட்ட பீங்கான். மின்சாரம் பட்டால் அதிரும், அதிர்ந்தால் மின்சாரம் தரும். அப்பாவிடம் சொன்னேன். "நம்ம சரக்கா அது?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்.

ஸ்கேன் உருவத்தைக் காட்டும். உயிரணுவுக்குள் இருக்கும் குரோமோசோம் அதில் தெரியாது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21-வது குரோமோசோம் கூடுதலாக ஒன்று இருக்கிறது என்று பாரிஸில் ஜெரோம் லெஜூனும் உடன் வேலை செய்தவர்களும் அறிவித்தது 1959-ல். 1966-ல் அமெரிக்காவில் பனிக்குட நீரை ஊசியால் எடுத்து, அதிலுள்ள செல்களை வளர்த்து, குரோமோசோமை எண்ண முடியும் என்று காட்டினார்கள். இதுதான் அம்னியோசென்டெசிஸ். உறுதியான பதில் தரும். ஆனால் ஊசியால் கரு கலைந்துவிடும் ஆபத்து கொஞ்சம் உண்டு. டென்மார்க்கில் 4,600-க்கும் அதிகமான பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 1986-ல் வந்தது. ஊசியால் கூடுதலாக நூற்றுக்கு ஒரு கரு கலைகிறது என்றது அது. இப்போதைய கணக்குகள் அதைவிடக் குறைவாகச் சொல்கின்றன. எப்படியானாலும் எல்லாருக்கும் ஊசி போட முடியாது. யாருக்குப் போடுவது என்று பிரித்தெடுக்க ஒரு சல்லடை தேவைப்பட்டது.

அந்தச் சல்லடைதான் ரத்தப் பரிசோதனை. எடின்பரோவில் பிராக், சட்கிளிஃப் என்ற இருவர் 1972-ல் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தைப் பற்றி எழுதினார்கள். குழந்தையின் மூளையோ முதுகுத்தண்டோ மூடாமல் இருந்தால் பனிக்குட நீரில் அது கூடும். சீக்கிரமே அம்மாவின் ரத்தத்திலும் அளந்தார்கள். கூடினால் ஆபத்து, சரி. குறைந்தால்? அதை யாரும் கேட்கவில்லை. கேட்டது ஒரு அம்மா. நியூயார்க்கில் ஒரு பெண்ணுக்கு 18-வது குரோமோசோம் கூடுதலாக இருந்த குழந்தை பிறந்தது. கர்ப்பத்தின்போது தன் ஏ.எஃப்.பி. மிகக் குறைவாக இருந்ததே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று அவர் கேட்டார். மெர்காட்ஸ் என்ற மருத்துவரின் குழு பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிப் பார்த்தது, உண்டு என்று தெரிந்தது. 1984-ல் வெளியிட்டார்கள். துக்கத்தில் இருந்த ஒரு பெண் கேட்ட கேள்வி! அங்கிருந்துதான் 1988-ல் லண்டனில் நிக்கோலஸ் வால்டு குழுவின் ட்ரிபிள் டெஸ்ட், பிறகு அக்காவுக்கு எடுத்த க்வாட்ரபிள் டெஸ்ட் எல்லாம் வந்தன.

இப்போது அந்த 1:180-க்கு வருகிறேன். கையில் வாங்கியவர்கள் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொள்வது இங்கேதான் என்று நினைக்கிறேன். நாங்களும் அப்படித்தான். இது நோய் இருக்கிறது என்ற முடிவு இல்லை. இதே எண் வந்த 180 பெண்களை வரிசையில் நிற்க வைத்தால், 179 பேரின் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்காது. பொதுவாக 250-ல் ஒன்றுக்கு மேல் போனால் "ஹை ரிஸ்க்" என்று அச்சடித்துவிடுகிறார்கள். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 10,000 கர்ப்பிணிகள். 700-க்கு ஒன்று என்று வைத்தால் அதில் 14 குழந்தைகளுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். ட்ரிபிள் டெஸ்ட் நூற்றுக்கு ஐந்து பேரை, அதாவது 500 பேரைப் பயமுறுத்தும். அந்த 500-ல் உண்மையானது 9 அல்லது 10 தான். மீதி 490 பேரின் தூக்கம் சும்மா போனது. விட்டுப்போன நாலைந்து பேரோ "லோ ரிஸ்க்" தாளோடு நிம்மதியாக இருப்பார்கள்.

இதை அக்காவுக்கு விளக்கப் பார்த்தேன், தலைக்குள் ஏறவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் பட்டறையிலிருந்து அகல் விளக்கு ஒரு கூடை கொண்டுவந்து, கூடத்தில் வரிசையாக 180 அடுக்கினார். ஒன்றில் மட்டும் சுண்ணாம்பால் புள்ளி வைத்தார். அக்கா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ஒண்ணு நானா இருந்தா என்னப்பா பண்றது?" என்று கேட்டார். அப்பாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் வேறு, "மாமன் மகனையே கட்டினதாலதான்" என்று ஆரம்பித்தார்கள். சொந்தத்தில் திருமணம் செய்தால் சில பரம்பரை நோய்கள் அதிகம் வருவது உண்மை. ஆனால் டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் தற்செயலாக நடப்பது. தாயின் வயதோடு கூடும், உறவுமுறையோடு அல்ல.

நம் நாட்டில் இந்தச் சோதனைகளின் வரலாறு கொஞ்சம் அசிங்கமானது. 1970-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸில் அம்னியோசென்டெசிஸ் ஆரம்பித்தபோது நோக்கம் பிறவிக் குறை கண்டுபிடிப்பது. நடந்தது ஆணா பெண்ணா என்று பார்ப்பது. அரசு மருத்துவமனைகளில் அதைத் தடுத்தார்கள், தனியாரில் பெருகியது. தமிழ்நாட்டிலும் நிலைமை ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் எதற்கு வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். 1994-ல் சட்டம் போட்டு, 1996 முதல் நடைமுறைக்கு வந்து, 2003-ல் இன்னும் இறுக்கினார்கள். அதனால் ஸ்கேன் என்றாலே நம் ஊரில் "ஆணா பெண்ணா கேட்கக் கூடாது" என்ற போர்டுதான் ஞாபகம் வரும். ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு நல்ல விஷயமும் இருக்கிறது. ஊசிச் சோதனைக்கு முன் அதன் பின்விளைவுகளைப் பெண்ணுக்கு விளக்க வேண்டும், அவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், நகல் தர வேண்டும். இதை யாரும் போர்டில் எழுதி வைப்பதில்லை.

அக்கா ஊசிக்குச் சம்மதித்தார். 18-வது வாரம். செல் வளர்ந்து முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கணக்குப் பாருங்கள், 21-வது வாரம் ஆகிவிடும். 1971-ம் வருஷத்துக் கருக்கலைப்புச் சட்டத்தில் எல்லை 20 வாரம். அதாவது பல வருஷமாக நம் பெண்களுக்குப் பதில் கிடைத்தது கதவு மூடிய பிறகு! 2008-ல் மும்பையில் ஒரு தம்பதி, கருவின் இதயத்தில் கோளாறு என்று தெரிந்து, டாக்டர் நிகில் தாதருடன் சேர்ந்து உயர் நீதிமன்றம் போனார்கள். 20 வாரம் தாண்டிவிட்டது என்பதால் அனுமதி கிடைக்கவில்லை. சில நாட்களில் அந்தக் கரு தானாகவே கலைந்தது. அதன் பிறகு பல வழக்குகள். 2021-ல்தான் சட்டம் மாறியது. குறிப்பிட்ட சில நிலைகளில் 24 வாரம் வரை, கடுமையான குறைபாடு என்று மருத்துவக் குழு சொன்னால் வார வரம்பே இல்லை.

கலைப்பது ஒன்றுதான் வழி என்று நான் சொல்லவில்லை. 1983-ல் அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25, இன்று 60-ஐ ஒட்டி வந்துவிட்டது. சென்னையில் சுரேகா ராமச்சந்திரன் தன் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்த பிறகு படித்து, மற்ற பெற்றோரையும் சேர்த்து, டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியாவை உருவாக்கினார். ரிப்போர்ட் கொடுக்கும் இடத்தில் இப்படிப்பட்ட ஒரு அம்மாவின் பேச்சும் காதில் விழுந்தால் நன்றாக இருக்கும். முடிவு எதுவானாலும் அது அந்தப் பெண்ணுடையது.

பார்பரா காட்ஸ் ராத்மன் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1986-ல் ஒரு புத்தகம் எழுதினார். சோதனை முடிவு வரும்வரை பெண்கள் தங்கள் கர்ப்பத்தையே தள்ளி வைத்து வாழ்கிறார்கள், பிள்ளை அசைவதைக்கூடத் தாமதமாகத்தான் உணர்ந்ததாகச் சொல்கிறார்கள் என்பது அதன் சாரம். அதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா வளைகாப்புக்கு நாள் பார்க்கலாம் என்றபோதெல்லாம் அக்கா "ரிப்போர்ட் வரட்டும்மா" என்றுதான் சொன்னார். வயிற்றில் கை வைப்பதையும் நிறுத்தியிருந்தார். நான் அப்போது கவனிக்கவில்லை.

19-வது நாள் போன் வந்தது. 46 குரோமோசோம், குறை இல்லை. எல்லாரும் அழுதோம். அக்கா மட்டும் அன்று சும்மா இருந்தார். நாலு நாள் கழித்து ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என்னைக் கூப்பிட்டு, "இங்க கை வைடா, உதைக்குது பாரு" என்றார்.

அந்த 180 விளக்கையும் கார்த்திகைக்கு ஏற்றினோம். புள்ளி வைத்ததையும் சேர்த்து.