அம்மியில் அரைபட்ட வரலாறு

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை ஆவணங்களில் மாத்திரம் தேடினாற் போதாது. அடுப்படியிலும் தேட வேண்டும். பதுளையிலிருந்து பசறை வழியாக மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்துள்ளது லுணுகலை. அதனைச் சூழவுள்ள தோட்டங்களில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அரைக்கப்படும் தேங்காய்ச் சம்பலும் வரலாறு கூறும் ஆவணமே.

பாலோ தயிரோ சேராமலே குழைவு தரும் உணவு இது. எட்டுக் காய்ந்த கொச்சிக்காயை உப்புடன் அம்மியில் வைத்து, நீர் தெளித்து மையாக அரைக்க வேண்டும். பின்னர் அரைமூடித் தேங்காய்ப்பூவைச் சேர்த்து, எண்ணெய் கசியும் வரை அரைத்தல் வேண்டும். ஐந்தாறு சின்ன வெங்காயத்தை இறுதியில் வைத்து நசுக்கி, தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்தால் சம்பல் தயார். மேலும் இளக்கமாக வேண்டுமெனில், கெட்டியான முதற்பால் இரண்டு கரண்டி போதும்.

இவற்றுள் பெரும்பாலானவை வெளியிலிருந்து மலையேறியவை. மிளகாய், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஆசியாவுக்கு வந்தது. தேங்காய் பெரும்பாலும் குருநாகல், புத்தளம் முதலான கீழ்நாட்டுப் பகுதிகளில் விளைவது. அரைத்த கைகளும் கடல் கடந்து வந்தவையே. கோப்பித் தோட்டங்களுக்கென அவர்கள் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டனர். அக்கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாக 1869இல் லுணுகலைக்கு அண்மையிலுள்ள மடுல்சீமைப் பகுதியிற்றான் கண்டறியப்பட்டது என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது. கோப்பி அழிந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆட்கள் தேவைப்பட்டமையால், தொழிலாளர் குடும்பங்கள் லயன்களில் நிலைத்தன.

அம்மக்கள் சோறு உண்டு பழகியவர்கள். தோட்டத்தில் அரிசி வழங்கப்பட்டு, அதன் விலை சம்பளக் கணக்கில் கழிக்கப்பட்டது. 1942இல் பர்மாவை ஜப்பான் கைப்பற்றியபோது, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பங்கீட்டு முறை நடைமுறைக்கு வந்தது; அரிசியின் குறையைக் கோதுமை மா நிரப்பத் தொடங்கியது. விடியுமுன் பிரட்டுக்களத்திற்குச் செல்ல வேண்டிய பெண்ணுக்கு, சோறும் கறியும் சமைப்பதைவிட ரொட்டி சுடுவது இலகு. ரொட்டிக்குக் கறி வேண்டியதில்லை; சம்பல் போதும். வறுமையும் நேரமின்மையும் சேர்ந்து வகுத்த உணவுமுறையே பின்னர் மலையகத்தின் அடையாளச் சுவையாயிற்று.

அந்த மாவும் எப்போதும் கிடைத்துவிடவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் கோதுமை விலை உயர்ந்தது; பங்கீடு குறைந்தது. தோட்டங்களிற் பட்டினி பரவி, 1974இல் அங்கு இறப்பு வீதம் வெகுவாக உயர்ந்தது. வீட்டுத் தோட்டம் செய்யவும் சொந்த நிலமற்ற மக்களையே அப்பஞ்சம் கடுமையாகத் தாக்கிற்று.

2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2025இன் தொடக்கத்தில் ஒரு தேங்காயின் விலை ஏறத்தாழ 200 ரூபா. அதாவது, ஒரு நாள் உழைப்பில் ஏழில் ஒரு பங்கு ஒரு தேங்காய்க்கே சென்றது.

தேங்காய் தாராளமாகச் சேர்ந்தால் சம்பல் வெளுத்துக் குழைந்திருக்கும். குறையக் குறையச் சிவந்து காரமேறும். மலையக மக்களின் வாழ்க்கைச் செலவைக் கொழும்பிலிருந்து கணக்கிடுவோர், புள்ளிவிபரங்களோடு இந்த நிறத்தையும் ஒருமுறை பார்ப்பது நன்று.