உள்நடுக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதித் தரச் சொல்லி கூட்டமைப்புத் தலைவி அக்கா கேட்டாங்க. பத்தாவதோட படிப்பை நிறுத்தின எனக்கு ராஜா, போர் எல்லாம் மறந்துபோச்சு. அதனால எங்க குழுவோட பழைய கணக்கு நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். உள்கடன் பக்கத்துல விதை, உரம், ஆடு, பிள்ளை படிப்புன்னு வந்துகிட்டே இருக்கு. நடுவுல வைத்தியச் செலவுன்னு சில வரிகள். அதுல நாலு பேர் வாங்கினது கர்ப்பப்பை எடுக்க. நாலுல ஒருத்தர் எங்க அம்மா. 2009-ஆம் வருஷம், 15,000 ரூபாய்.

அப்போ அம்மாவுக்கு 46 வயசு. மரவள்ளிக் காட்டுல கிழங்கு பிடுங்கிகிட்டு இருக்கும்போதே வரப்புல உட்கார்ந்துடுவாங்க. "உடம்பு ஆடல பாப்பா, உள்ளுக்குள்ளதான் ஆடுது"ன்னு சொல்வாங்க. கையை நீட்டச் சொல்லிப் பார்த்தா கை அசையாம இருக்கும். நடுராத்திரி வேர்த்து நனைஞ்சு எழுந்து வாசல்ல போய் உட்கார்ந்திருப்பாங்க. காரணமே இல்லாம பயம், படபடப்பு. தீட்டு ரெண்டு மாசம் வராது, வந்தா பத்து நாள் நிக்காது. காத்து சேட்டைன்னு மந்திரிச்சோம். வேலைக்குச் சோம்பல்னு சொன்னவங்களும் உண்டு. அதுல நானும் ஒருத்தி, இப்போ சொல்ல வெட்கமாத்தான் இருக்கு.

கடைசியில மலையை விட்டு இறங்கி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பிள்ளை பெத்து முடிச்சாச்சே, எடுத்துடலாம்னு சொன்னாங்க. கையெழுத்துப் போட்டோம். கர்ப்பப்பையோட ரெண்டு சினைப்பையையும் சேர்த்து எடுத்தது எங்களுக்குப் பின்னாடிதான் தெரியும். நடுக்கம் போகும்னு இருந்தோம், ரெண்டு மடங்கா ஆச்சு. கடனை 20 மாசம் கட்டினாங்க.

இது ஏன்னு ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு நர்ஸ் அக்கா விளக்கினாங்க. சினைப்பையில சுரக்கிற ஈஸ்ட்ரோஜன் நாற்பதுகளில் ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். உடம்புச் சூட்டையும் தூக்கத்தையும் பார்த்துக்கிற மூளைப் பகுதி அதுல தடுமாறுது. அதுல வர்றதுதான் சூடு ஏறுறது, வேர்வை, படபடப்பு, அசதி, உள்நடுக்கம் எல்லாம். மாதவிடாய் முழுசா நிற்க சில வருஷம் ஆகும், ஒரு வருஷம் தொடர்ந்து வராம இருந்தாத்தான் நின்னதாக் கணக்கு. சினைப்பையை எடுத்துட்டா சில வருஷத்துல மெதுவா நடக்க வேண்டியது ஒரே நாளில் நடந்துடுது.

நமக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சேன். ஊர் உலகம் முழுக்க இதே கதைதான். இதுக்கு 'மெனோபாஸ்'னு பேர் வச்சவர் கார்டான் என்ற பிரெஞ்சு வைத்தியர், 1821-இல். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இந்த வயசுப் பெண்களுக்கு அட்டை விட்டு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். புத்தி கலங்கியது என்று மனநல விடுதியில் சேர்த்ததும் உண்டு. நம்ம ஊர் விபூதியே பரவாயில்லை!

1923-இல் அமெரிக்காவில் ஆலன், டாய்சி என்ற இருவர், பன்றியின் சினைப்பையிலிருந்து இந்தச் சுரப்பைப் பிரித்துக் காட்டினார்கள். 1942-இல் அங்கே ஒரு மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதை எதிலிருந்து எடுத்தார்கள் தெரியுமா? சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து. 1966-இல் வில்சன் என்ற டாக்டர், இந்த மாத்திரை தின்றால் பெண் என்றைக்கும் பெண்ணாகவே இருப்பாள் என்று புத்தகம் எழுத, அது நன்றாக விற்றது. 1975-இல், ஈஸ்ட்ரோஜனைத் தனியாகத் தின்றவர்களுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் கூடுவது தெரிந்தது. 2002 ஜூலையில், 16,608 பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியதுதான் காரணம். உலகமே பயந்து மாத்திரையை விட்டது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், நின்று பத்து வருஷத்துக்குள் இருப்பவர்களுக்குத் தொல்லை அதிகம் என்றால், டாக்டர் பார்த்து எழுதிக் கொடுக்கும்போது பொதுவாக நன்மையே அதிகம் என்று பிறகு சொன்னார்கள். எல்லாருக்கும் அது ஒத்துக்காது, தானா கடையில வாங்கவும் கூடாது.

நம்ம நாட்டுக் கதை வேற மாதிரி. மாத்திரைக்குப் பதிலா கத்தி. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களை 2019-இல் அரசு குழு அமைத்துக் கணக்கெடுத்தது. 82,000-க்கும் மேற்பட்டவர்களில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை எடுத்தவர்கள். தீட்டு நாளில் கூலி போகக் கூடாதென்று எடுத்தவர்களும் அதில் உண்டு. அதைப் படிச்சப்போ நம்ம நோட்டுல இருந்த நாலு வரிதான் கண்ணுல நின்னுச்சு.

1989-இல் தருமபுரியில் நம்ம மாநிலத்தின் முதல் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது பேச்சு எல்லாம் சேமிப்பும் கடனும்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கினப்போ, வீடு வீடாப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கக் குழுப் பெண்களையே எடுத்தார்கள். எங்க ஊர்ப் பக்கமும் பையும் மெஷினுமா ஒரு அக்கா வர ஆரம்பிச்சாங்க. பிரஷர் பார்க்கிற சாக்குல, "தீட்டு ஒழுங்கா வருதா? ராத்திரி தூங்குறீங்களா?"ன்னு கேட்டாங்க. அம்மாகிட்ட இதை முதல்ல கேட்ட ஆள் அவங்கதான். அம்மா ஒரு மணி நேரம் பேசினாங்க. பெத்த மகள் நான் பக்கத்துல உட்கார்ந்து முதல் தடவையாக் கேட்டேன்.

அவங்க சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ரத்தசோகை இருந்தது. அசதியும் படபடப்பும் ரத்தசோகையிலும் தைராய்டிலும் வரும், அதனால எல்லாத்தையும் வயசு மேல போடாம முதல்ல இதைப் பார்க்கணுமாம். சத்து மாத்திரை கொடுத்தாங்க. பொழுது சாய்ஞ்சு டீ குடிக்கிறதை அம்மா விட்டாங்க, புகையிலையை ரொம்பக் கஷ்டப்பட்டு விட்டாங்க. நடுக்கம் வரும்போது உட்கார்ந்து, மூச்சை மெதுவா இழுத்து அதைவிட மெதுவா விடுவாங்க. தலைமாட்டுல ஒரு சொம்பு தண்ணி. முழுசா போயிடல, ஆனா பயம் போச்சு. இங்கிலாந்தில் 2015-இல் டாக்டர்களுக்கு எழுதிய வழிகாட்டியில், இந்தக் கால மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பேச்சு வழிச் சிகிச்சை கொடுக்கலாம் என்றே போட்டிருக்கிறார்கள்.

இன்னொண்ணையும் அந்த அக்கா அழுத்திச் சொன்னாங்க. நின்னு ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரைப் பார்க்கணும். கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டிய நோய்களும் இருக்கு. எடுக்கச் சொன்னா ஏன்னு கேட்கணும், அரசு ஆஸ்பத்திரியில இன்னொரு டாக்டரையும் கேட்கணும், சினைப்பையையும் எடுக்கிறாங்களான்னு கையெழுத்துக்கு முன்னாடி கேட்கணும்.

போன மாசக் கூட்டத்துல ஒரு அக்கா உள்கடன் 30,000 கேட்டாங்க. எதுக்குன்னு கேட்டதுக்குக் குனிஞ்சுகிட்டே, "உள்ளுக்குள்ள ஆடுது, எடுத்துடச் சொல்லிட்டாங்க"ன்னாங்க. யாரும் பேசல. அம்மாதான் எழுந்து போய் அவங்க பக்கத்துல உட்கார்ந்தாங்க. தீர்மான நோட்டுல நான் எழுதினது இது: கடன் ஒத்திவைக்கப்படுகிறது, திங்கட்கிழமை இருவர் உடன் சென்று துறையூர் அரசு மருத்துவமனையில் காட்டுவது, பஸ் செலவு குழுவுடையது.