5 மாணவிகளுடன் தொடங்கிய முதல் மகளிர் பல்கலைக்கழகம்: நிறுவனர் கார்வே

நாட்டின் முதல் மகளிர் பல்கலைக்கழகத்தை நிறுவிய தோண்டோ கேசவ் கார்வே, மகாராஷ்டிர மாநிலம் ரத்னகிரி மாவட்டத்தில் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் தேதி பிறந்தார். புணே ஃபெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றினார்.

முதல் மனைவி மறைந்த பின், 1893-இல் கோதுபாய் என்ற கைம்பெண்ணை மணந்தார். இதனால் சொந்த ஊரான முருடில் சமூகப் புறக்கணிப்புக்கு உள்ளானார். எனினும் பின்வாங்காமல், கைம்பெண்கள் தங்கிப் பயில 1896-இல் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். அந்த இல்லம் பின்னர் புணே அருகேயுள்ள ஹிங்கணே கிராமத்துக்கு மாற்றப்பட்டது.

ஜப்பான் மகளிர் பல்கலைக்கழகம் குறித்த கையேடு ஒன்றைப் படித்த உந்துதலில், 1916-இல் மகளிர் பல்கலைக்கழகத்தை நிறுவினார். அதன் முதல் கல்லூரியில் சேர்ந்தவர்கள் 5 பேர் மட்டுமே. தாய்மொழியே பயிற்றுமொழியாக இருந்தது.

தொழிலதிபர் விட்டல்தாஸ் தாக்கர்சி 1920-இல் ரூ.15 லட்சம் நன்கொடை அளித்ததைத் தொடர்ந்து, அவருடைய தாயார் ஸ்ரீமதி நாதிபாய் தாமோதர் தாக்கர்சியின் பெயர் பல்கலைக்கழகத்துக்குச் சூட்டப்பட்டது. ஆயினும், சட்டபூர்வ பல்கலைக்கழகத் தகுதி 1951-இல்தான் கிடைத்தது. அதுவரை 35 ஆண்டுகள், அரசு அங்கீகாரமற்ற பட்டங்களை நம்பியே மாணவிகள் அங்கு பயின்றனர்.

நூறு வயதை எட்டிய 1958-இல் கார்வேக்கு பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1962-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி அவர் காலமானார்.