நீதிபதி நியமனமும் ஊரார் ஆட்சேபமும்: சென்னை, 1878–2023

உயர் நீதிமன்ற நீதிபதி நியமனம் ஒன்றை எதிர்த்துக் குரல் எழும்போதெல்லாம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. நீதித்துறையின் சுதந்திரத்தில் வெளியார் தலையிடக் கூடாது என்பது ஒன்று. மக்கள் மன்றமே இறுதி மன்றம் என்பது மற்றொன்று. சென்னையின் நூற்றைம்பது ஆண்டு அனுபவம் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. இந்த நகரில் அத்தகைய எதிர்ப்பு இன வெறுப்பாக எழுந்திருக்கிறது. பங்கு கேட்கும் உரிமைக் குரலாக எழுந்திருக்கிறது. ஆவணங்களோடு வந்து வென்றிருக்கிறது. கதவு சாத்திய பிறகு வந்து தோற்றும் இருக்கிறது. இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது. எதிர்ப்பு நியாயமானதா என்பது, அது ஒருவரின் பிறப்பைச் சுட்டுகிறதா, செயலைச் சுட்டுகிறதா என்பதைப் பொறுத்தது. எதிர்ப்பு பலன் தருமா என்பது, அதை உரிய காலத்தில் கேட்க ஒரு முறையான இடம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. அந்த இடத்தை நாம் இன்னும் அமைத்துக்கொள்ளவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிறப்பைச் சுட்டிய எதிர்ப்பு

சென்னை உயர் நீதிமன்றம் 1862 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் 1863லேயே சம்புநாத் பண்டிட் நீதிபதியாகிவிட்டார். சென்னையிலோ இந்தியர் ஒருவர் அந்த இருக்கையில் அமர 1878 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் தி. முத்துசாமி ஐயர். தஞ்சை மாவட்டத்தில் 1832ல் பிறந்தவர். சிறுவயதில் கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். மாவட்ட முன்சீப்பாகவும் போலீஸ் மாஜிஸ்திரேட்டாகவும் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் படிப்படியாக உயர்ந்தவர். அனுபவத்தில் அவரிடம் யாரும் குறை காண முடியாது. ஆனாலும் அவர் நியமனத்தைச் சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் கடுமையாக எதிர்த்தன. அவர் அளித்த தீர்ப்புகள் பிழையானவை என்பதல்ல அவர்களது குறை. ஆங்கிலேயர் அமரும் இருக்கையில் இந்தியர் அமர்வதே குறை.

இந்த எதிர்ப்புக்குப் பதில் சொல்ல இந்தியர் கையில் அன்று ஆங்கிலப் பத்திரிகை ஒன்றுகூட வலுவாக இல்லை. திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் அந்தக் குறையைப் போக்க முனைந்தார்கள். ஜி. சுப்பிரமணிய ஐயரும் மு. வீரராகவாச்சாரியாரும் ஆசிரியர்கள், மற்ற நால்வரும் சட்ட மாணவர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20 அன்று ‘தி ஹிந்து’ வார இதழைக் கொண்டுவந்தார்கள். ஒரு நீதிபதி நியமனத்தைச் சுற்றி எழுந்த சர்ச்சையிலிருந்து பிறந்த பத்திரிகை அது. ஐயர் பதவியில் நீடித்தார், 1893ல் மூன்று மாதம் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார், 1895ல் மறைந்தார். இந்த நிகழ்வு ஆய்வாளருக்கு ஒரு எச்சரிக்கை. நீதிபதி நியமனத்தை எதிர்த்து எழும் பொதுக் குரல் எல்லாமே ஜனநாயகக் குரல் ஆகிவிடாது. அதே நிகழ்வில் இன்னொரு பாடமும் உண்டு. அந்த வெறுப்பு அச்சில் வந்ததால்தான் அதற்கு அச்சிலேயே பதில் சொல்ல முடிந்தது. மாளிகைக்குள் கிசுகிசுக்கப்பட்டு ஒரு கோப்பில் குறிப்பாக மட்டும் போயிருந்தால், திருவல்லிக்கேணி இளைஞர்களுக்கு எதை மறுப்பது என்றே தெரிந்திருக்காது.

பங்கைக் கேட்ட எதிர்ப்பு

முத்துசாமி ஐயர் திறந்த வழியில் அடுத்து வந்தவர்களில் பலர் மயிலாப்பூரோடு தொடர்புடைய வழக்கறிஞர்கள். எஸ். சுப்பிரமணிய ஐயர் 1895லும் வி. கிருஷ்ணசாமி ஐயர் 1909லும் நீதிபதியானார்கள். கிருஷ்ணசாமி ஐயரும் பி.ஆர். சுந்தரம் ஐயரும் 1891ல் தொடங்கிய ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ மயிலாப்பூர் வழக்கறிஞர் வட்டத்தின் அறிவுச் செல்வாக்கைக் காட்டும் சான்று. அவர்களின் சட்டப் புலமையை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் புலமை பெரும்பாலும் ஒரே சமூகத்திலிருந்து நீதிமன்றத்துக்கு ஏறும் ஏணியாக மாறியபோது புதிய கேள்வி எழுந்தது. 1912 கணக்குப்படி சென்னை மாகாணத்தில் மாவட்ட முன்சீப்புகளில் 72.6 விழுக்காட்டினரும் சார்பு நீதிபதிகளில் 83.3 விழுக்காட்டினரும் பிராமணர்கள். மாகாண மக்கள்தொகையில் அவர்கள் பங்கு ஏறக்குறைய மூன்று விழுக்காடு. 1916 டிசம்பரில் பி. தியாகராயச் செட்டியார் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை, அரசுப் பதவிகளில் நிலவிய இந்த ஏற்றத்தாழ்வை எண்களோடு மக்கள் முன் வைத்தது.

இந்த எதிர்ப்பும் பிறப்பைப் பற்றிப் பேசியது. அப்படியானால் 1878 எதிர்ப்பிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது? அன்றைய ஆங்கிலேயப் பத்திரிகைகள் தகுதியுள்ள ஒருவரைப் பிறப்பின் பெயரால் வெளியே நிறுத்தப் பார்த்தன. 1916 அறிக்கை, பிறப்பின் பெயரால் வெளியே நிறுத்தப்பட்டவர்களை உள்ளே கொண்டுவரச் சொன்னது. முன்னது தனிமனிதரைக் குறிவைத்தது; பின்னது முறையைக் குறிவைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தக் கோரிக்கை ஓயவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியாக அ. வரதராசன் அமர 1973 வரை ஆயிற்று. 2014 ஜனவரியில் 12 பேர் கொண்ட பரிந்துரைப் பட்டியல் எல்லாச் சமூகங்களுக்கும் இடம் தரவில்லை என்று வழக்கறிஞர்கள் போராடினார்கள். மூத்த வழக்கறிஞர் ஒருவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒருவர் பொருத்தமானவரா என்பதை நீதிமன்றம் ஆராயாது, சட்டப்படியான தகுதி இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கும் என்று கூறி உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளியது. பொருத்தத்தைப் பற்றிய கேள்வியை வேறு எங்கே கேட்பது என்பதற்கு விடை இல்லை.

செயலைச் சுட்டிய எதிர்ப்பு

நீதிபதியின் மனப்போக்கைப் பார்க்கலாமா என்ற விவாதத்தை நாட்டுக்கே கிளப்பியது 1973ஆம் ஆண்டு. பணியில் மூத்த நீதிபதிகளான ஷெலட், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரையும் தாண்டி ஏ.என். ரே இந்தியத் தலைமை நீதிபதியாக்கப்பட்டபோது நாடெங்கும் வழக்கறிஞர்கள் கொதித்தார்கள். அந்த முடிவை மக்களவையில் நின்று நியாயப்படுத்தியவர் தமிழ்நாட்டின் முன்னாள் அட்வகேட் ஜெனரலான மோகன் குமாரமங்கலம். நீதிபதியின் சமூகப் பார்வையையும் அரசு கணக்கில் எடுக்கும் என்பது அவர் வாதம். அரசின் கையில் அந்த அளவுகோல் இருந்தால் என்ன ஆகும் என்பதை 1977ல் மூத்த நீதிபதி எச்.ஆர். கன்னா தலைமை நீதிபதி பதவிக்குப் புறக்கணிக்கப்பட்டபோது நாடு கண்டது. அந்தக் கசப்புதான் உச்ச நீதிமன்றத்தின் 1993 தீர்ப்புக்கு வலு சேர்த்தது. நியமன அதிகாரம் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்திடம் வந்தது. அரசின் தலையீட்டைக் குறைத்த அந்த ஏற்பாடு, ஊராரின் கேள்விக்கும் இடம் வைக்கவில்லை.

இடமே இல்லாத இந்த ஏற்பாட்டில் ஒரு எதிர்ப்பு வென்றது. 2009 ஆகஸ்டில், அன்று கர்நாடகத் தலைமை நீதிபதியாக இருந்த பி.டி. தினகரனை உச்ச நீதிமன்றத்துக்குக் கொலீஜியம் பரிந்துரைத்தது. அவர் சென்னை வழக்கறிஞராக இருந்து 1996ல் இங்கேயே நீதிபதியானவர். திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் அரசு நிலத்தையும் பொது நிலத்தையும் அவர் ஆக்கிரமித்திருக்கிறார் என்று சென்னை வழக்கறிஞர்கள் நில ஆவணங்களோடு புகார் அளித்தார்கள். அவர் மறுத்தார். மாவட்ட ஆட்சியரின் அறிக்கை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பரிந்துரை முன்னேறாமல் நின்றது. மாநிலங்களவையில் 75 உறுப்பினர்கள் பதவி நீக்கக் கோரிக்கையில் கையெழுத்திட்டார்கள். விசாரணைக் குழு அமைந்தது. 2011 ஜூலையில் அவர் பதவி விலகினார். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்ததே தம் துன்பத்துக்குக் காரணமோ என்ற ஐயத்தை அவர் தம் விலகல் கடிதத்தில் எழுதினார்.

அந்த ஐயத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1878 வரலாறு தெரிந்தவர்கள் அப்படித் தள்ளவும் கூடாது. ஆனால் அந்த ஐயத்தைச் சோதிக்க ஒரு வழி இருந்தது: எதிர்ப்பாளர்கள் சுட்டியது சர்வே எண்களை. நிலத்தை அளந்து பார்க்கலாம். பட்டாவைப் புரட்டிப் பார்க்கலாம். புகார் பொய் என்றால் பொய் என்று நிறுவலாம். பிறப்பைச் சுட்டும் எதிர்ப்பில் இந்த வசதி இல்லை. பரிந்துரைக்கும் நியமனத்துக்கும் இடையில் புகார் போய்ச் சேர்ந்ததாலும், அதைச் சரிபார்க்க ஒரு மாவட்ட அதிகாரி இருந்ததாலும் இந்த எதிர்ப்பு பலித்தது. இரண்டும் தற்செயலாக அமைந்தவை. முறை தந்தவை அல்ல.

சொல்லைச் சுட்டிய எதிர்ப்பு

தற்செயல் கைகொடுக்காதபோது நடந்தது 2023. அந்த ஆண்டு ஜனவரி 17 அன்று கொலீஜியம் எல்.சி. விக்டோரியா கௌரியைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாகப் பரிந்துரைத்தது. மதுரைக் கிளையில் தொழில் செய்த அவர் பாரதிய ஜனதா கட்சியின் மகளிர் அணியில் பொறுப்பு வகித்தவர். முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் பற்றி அவர் பேட்டிகளிலும் கட்டுரையிலும் வெளிப்படுத்திய கருத்துகள் அவர்களுக்கு எதிரான பகைமையைக் காட்டுகின்றன என்று சென்னை வழக்கறிஞர்கள் 21 பேர் குடியரசுத் தலைவருக்கும் கொலீஜியத்துக்கும் எழுதினார்கள். மதுரை வழக்கறிஞர்கள் பலர் அவரை ஆதரித்து எழுதினார்கள். பிப்ரவரி 6 அன்று ஒரே நாளில் இரண்டு நிகழ்ந்தன. பரிந்துரைக்குப் பின் சில விவரங்கள் தங்கள் கவனத்துக்கு வந்திருக்கின்றன என்று தலைமை நீதிபதி சந்திரசூட் நீதிமன்றத்திலேயே சொன்னார். நியமன அறிவிப்பும் வெளியானது. மறுநாள் காலை டெல்லியில் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, பி.ஆர். கவாய் முன் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே சென்னையில் பதவியேற்பு முடிந்தது. மனு தள்ளுபடியானது. பொருத்தத்தைத் தாங்கள் ஆராய முடியாது, கொலீஜியம் இவற்றை அறிந்திருக்கவில்லை என்று கருதவும் முடியாது என்பது அமர்வின் நிலைப்பாடு. 2024 செப்டம்பரில் அவர் நிரந்தர நீதிபதியானார்.

இதே ஜனவரி 17 அன்று இதே உயர் நீதிமன்றத்துக்கு இன்னொரு பெயரையும் கொலீஜியம் வலியுறுத்தியது. வழக்கறிஞர் ஆர். ஜான் சத்யன், பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தார் என்று உளவுத்துறை குறிப்பு எழுதியிருந்தது. அது அவர் பொருத்தத்தைக் குறைக்காது என்று கொலீஜியம் எழுத்தில் பதிவு செய்தது. அன்று பரிந்துரைத்த வேறு சிலருக்கு முன்பாக அவரை நியமிக்கவும் கேட்டது. அவருக்குப் பின் வந்தவர்கள் பதவியேற்றார்கள். அவர் பெயர் அப்படியே நின்றது. அந்த ஆண்டு மார்ச்சில் கொலீஜியமே இதற்காகக் கவலை தெரிவித்தது. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: பதவிக்கு முன் பேசிய சொல்லை எப்படி எடைபோடுவது? ஒருவர் விஷயத்தில் அரசின் ரகசியக் குறிப்பு எடைபோட்டது. மற்றவர் விஷயத்தில் வழக்கறிஞர்கள் பெயர் போட்டு எழுதிய கடிதத்துக்கு ஒரு வரிப் பதிலும் இல்லை. ஊராருக்கான வாயிலை அடைத்தபின்பும் ஆட்சேபம் உள்ளே நுழைகிறது. பின்வாசல் வழியாக, பெயரில்லாமல்.

மறுப்புகளும் விடைகளும்

வலுவான மறுப்பு வி.ஆர். கிருஷ்ண ஐயரின் வாழ்க்கையிலிருந்து வருகிறது. சென்னை சட்டக் கல்லூரியில் படித்தவர். 1957ல் கேரளத்தின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்தவர். 1973ல் உச்ச நீதிமன்றத்துக்கு அவர் போனதை பம்பாய் வழக்கறிஞர்கள் பலர் எதிர்த்தார்கள். அவர்களில் ஒருவரான சோலி சொராப்ஜி பின்னாளில் வருந்தினார். எதிர்ப்பை ஏற்றிருந்தால் சிறைக்கைதிகளின் உரிமைக்குக் குரல் கொடுத்த ஒரு நீதிபதியை நாடு இழந்திருக்கும். உண்மை. ஆனால் இதிலிருந்து பெற வேண்டிய பாடம், கட்சிப் பின்னணி மட்டும் தடை ஆகாது என்பது. குடிமக்களில் ஒரு பிரிவினரைப் பகைவராகக் கருதும் சொல்லும் கட்சி அட்டையும் ஒன்றல்ல. அப்படிப்பட்ட சொல் உண்மையில் சொல்லப்பட்டதா, என்ன பொருளில், இன்று சொன்னவர் நிலை என்ன என்று கேட்பது நீதிபதி ஆகப்போகிறவருக்கும் நல்லது. விடை சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கிறது. ஐயத்தைச் சுமந்துகொண்டே தீர்ப்பெழுதும் நிலை நீங்குகிறது.

வெளிப்படையான விசாரணை, வேட்பாளரைச் சந்தியில் நிறுத்தும் என்பது அடுத்த மறுப்பு. 1916ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு லூயி பிராண்டைஸ் நியமிக்கப்பட்டபோது யூத வெறுப்பும் எதிர்ப்பில் கலந்திருந்தது. செனட்டின் வாக்கெடுப்பில் 47க்கு 22 என்று வென்றே அவர் அமர்ந்தார். செனட் விசாரணை போன்ற அரசியல் களம் நமக்குத் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவில் நீதித்துறைப் பணி ஆணையம் பட்டியலில் உள்ள பெயர்களை முன்கூட்டி வெளியிட்டு, கருத்துகளை எழுத்தில் பெற்று, வேட்பாளரிடமே கேட்கிறது. காலதாமதம் ஆகும் என்பாரும் உண்டு. ஜான் சத்யனின் பெயர் முதலில் பரிந்துரைக்கப்பட்டது 2022 பிப்ரவரியில். மீண்டும் வலியுறுத்தப்பட்டது 2023 ஜனவரியில். பதினோரு மாதம் காத்திருக்க முடிந்த முறைக்கு, ஆட்சேபங்களைக் கேட்க முப்பது நாள் ஒதுக்குவது ஒரு சுமையல்ல.

முடிவுரை

1878ல் பிறப்பு, 1916ல் பங்கு, 2009ல் செயல், 2023ல் சொல் என்று எதிர்ப்பின் பொருள் மாறிவந்திருக்கிறது. கேட்கும் முறை மட்டும் மாறவில்லை. நீதிபதியின் பொருத்தத்தை நீதிமன்றம் ஆராயாது என்றால், அதை ஆராயும் கொலீஜியமாவது ஊராரைக் கேட்க வேண்டும். பரிந்துரைக்கு முன் பெயர்களை வெளியிட்டு முப்பது நாள் அவகாசம் தரட்டும். கையெழுத்தும் ஆதாரமும் உள்ள ஆட்சேபத்தை மட்டும் ஏற்கட்டும். சாதி, மதம், பால் சார்ந்ததைப் படித்தவுடன் தள்ளட்டும். வேட்பாளரின் விளக்கத்தைப் பெற்று, ஏற்றோம் அல்லது மறுத்தோம் என்பதைக் காரணத்தோடு எழுதட்டும். உளவுத்துறைக் குறிப்புக்கும் இதே விதி பொருந்தட்டும். இதற்கு அரசியல் சட்டத் திருத்தம் தேவையில்லை. கொலீஜியத்தின் ஒரு தீர்மானம் போதும். அந்தத் தீர்மானத்தைக் கேட்டுப் பெறும் பொறுப்பு, இத்தனை எதிர்ப்புகளையும் நடத்திக் காட்டிய சென்னை வழக்கறிஞர்களுக்கு மற்ற எவரையும்விட அதிகம்.